பார்க்க வந்தவர்கள்

ஹலோ... அண்ணையோ? நான் அருந்ததி. சுன்னாகம் சந்தையடி இரும்புக்கடையிலை நிண்டு கதைக்கிறன். ஒருக்கா உடனை... ஓம், ஓம், அச்சுக்கூடத்துக்குப் போனனான். உங்கடை கிரேக்கக் கட்டுரை அச்சுக் கோத்தாச்சு. நான் சொல்லவந்தது... பிழையில்லை அண்ணை! ‘தெயாத்தேஸ்’ எண்டா பாக்கிற ஒராள், ‘தெயாத்தாய்’ எண்டா பாக்கிற சனம், அதோடை ஒட்டினதுதான் தியேட்டர்... ஓம், ‘தெயோரோஸ்’உம் இருக்கு. ஊர் அனுப்ப, விழாவைப் பாத்துப்போட்டு வந்து சொல்லுறவர்... ஐயோ, அதை விடுங்கோவன்!

நீர்வேலி நாகலிங்கத்தை இயக்கப் பெடியள் லைட் போஸ்டிலை கட்டி வைச்சிருக்கிறாங்கள்...

ஓம், வாழைக்குலை யாவாரிதான். ஆமிக் காம்புக்குக் குலை குடுத்தவராம்... உயிரோடைதான். பொறுப்பாளர் வந்தாப் பிறகு வெடியாம்.

சீ, இந்தச் சனம்! பிள்ளையளைச் சைக்கிள் பாரிலை ஏத்திவைச்சுக் காட்டுகினம். ஒருத்தி நடுவுக்கை கச்சான் கடலை வித்துக்கொண்டு திரியிறா.

உங்களுக்கேன் சொல்லுறனோ? அது ஆற்றை குலை? நாளைக்கு உங்கடை மகளின்ரை கலியாணத்துக்கு, வாசல்லை கட்டக் குலையோடை வாழை வேணுமெண்டு கேட்டது ஆர்? காம்ப் றோட்டாலை வந்தாக் கிட்ட எண்டு சொன்னது ஆர்?... ஓம், நீங்கள். இப்பவும் உங்கடை வாசல்லைதானே தொங்குது!

பிரஜைகள் குழுவிலை இருக்கிறியள். உங்கடை சொல்லுக்கு மதிப்புக் குடுப்பாங்கள். ‘என்ரை வீட்டுக்குத்தான் கொண்டந்தவர்’ எண்டு ஒரு சொல்லு...

மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பினமெண்டோ? த்தூ!

நான் சொன்னனான். ரெண்டுதரம் சொன்னனான். ‘தள்ளி நில்லுங்கோ அக்கா’ எண்டிட்டாங்கள்...

என்ன? என்ன சொன்னியள்? நான் இஞ்சை நிண்டு, நடக்கிறதைப் பாத்துப்போட்டு வந்து சொல்லவோ?...

அதுக்கும் உங்கடை கட்டுரையிலை ஒரு பேர் இருக்கண்ணை. நான் மாட்டன்.

...இல்லை, அழேல்லை. அருவருப்பாக் கிடக்கு. சனத்தையும் அருவருப்பு, உங்களையும் அருவருப்பு.

வைக்கிறன். நாகலிங்கத்துக்குப் பக்கத்திலை, அந்தப் போஸ்டோடை சாஞ்சு நிக்கப்போறன்... ஓம், பாக்கட்டும். வடிவாப் பாக்கட்டும். சுடுறதெண்டா முதல் என்னை இழுத்து விலத்தட்டும்...

கத்தாதேங்கோ...

இப்ப வாறியளோ? வாங்கோ. ஆனாப் பாக்கிறதுக்கெண்டு வராதேங்கோ அண்ணை. இஞ்சை அதுக்கு ஆள் கூடிப்போச்சு.