இரண்டாவது பிரதி

பூட்டிய கடையை இன்னொரு முறை இழுத்துப் பார்க்காமல் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. சாவி, மூக்குக்கண்ணாடி, குடை எல்லாமே என்னிடம் இரண்டிரண்டு. "என்னையும் ஒண்ணு காப்பி எடுத்து வச்சுக்குங்களேன்" என்று என் மனைவி கேலி செய்வாள். செய்யட்டும். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். தொலைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

கடையில் கேம் டிஸ்க் வாங்குகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். காசு கொடுத்து வாங்கியது, கீறல் விழுந்தால் யார் தருவார்கள்? உங்களுக்கென்று ஒரு பிரதி எடுத்துப் பெட்டியில் போடுங்கள். விற்றால் தப்பு, ஊருக்குக் கொடுத்தால் தப்பு. சட்டம் இதற்கு ஒரு பக்கம் தலையாட்டும், ஒரு பக்கம் முறைக்கும். நான் இன்றுவரை ஒரு பிரதிகூட விற்றதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

என் மனைவியின் தம்பி எங்கள் மாடியறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். வேலையை விட்டுவிட்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, அதுவே கதியென்று கிடந்தான். அத்தனையும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில். கேம் வெளியே கசிந்துவிடுமோ என்ற பயத்தில் வேறெங்கும் வைக்க மாட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து தருகிற சாக்கில், பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்தேன்.

கண்டுபிடித்துவிட்டான்.

"நீங்க வாங்கின பொருளை நீங்க காப்பி எடுங்க, மாமா. இது நான் இன்னும் யாருக்குமே குடுக்காதது. இதுக்குப் பேர் திருட்டு."

"உனக்காகத்தானே எடுத்தேன், மாப்ள."

"எனக்காகன்னா என்னைக் கேட்டிருக்கணும். அழிச்சிடுங்க."

அழித்துவிட்டதாகச் சொன்னேன். என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். திருட்டு என்ற சொல் அவள் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அசல் நன்றாக இருக்கும்வரை என் கையிலிருப்பது திருட்டுப் பொருள். அசல் போய்விட்டால் அதுவே அவனுடைய பிழைப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். அதற்காகத்தான், டிஸ்க் கருகட்டுமென்று மாடியறை ப்ளக் பாயிண்டில் கை வைத்தேன். அதுவும் அவன் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்து. அவன்மேல் எனக்குக் கோபமே கிடையாது.

திரும்பி வந்தவன் ஜன்னலில் புகையைப் பார்த்துவிட்டான். மாடிப்படிக்குக் கீழே நான் நின்றிருந்தேன். "மாமா, என் டிஸ்க்" என்றான். பிரதி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் நின்றிருப்பான். ஆனால் அழித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தேனே. பொய்யன் என்றும் பெயர் வாங்க வேண்டுமா? ஒதுங்கி வழிவிட்டேன். ஏறிப் போனவன் இறங்கி வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, மனைவிக்கு அந்தப் பிரதியைப் போட்டுக் காட்டினேன். கேமில் வழி சொல்கிற குரல் அவனுடையது. "இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டது. ஒன்றுவிடாமல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றேன். "அழிச்சிட்டதாச் சொன்னீங்களே" என்றாள். பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

அந்த பென் டிரைவ் இப்போது உங்கள் மேஜை டிராயரில் இருக்கிறது. உங்கள் அறையில் வயரிங் பழசு, உள்ளே வந்ததுமே கவனித்தேன். தயவுசெய்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஒன்றே ஒன்று வைத்திருப்பது ஆபத்து, ஐயா. அது போய்விட்டால் யாராலும் திருப்பித் தர முடியாது.