பன்னெண்டு ஊரும் ஏத்துக்கணும்

…மூடிடாதீங்க மேடம், மூடுனா அது தூங்கிடும். அப்பால எழுப்புறதுக்குள்ள என் உசுரு போய்டும். தொறந்தே மடியில வெச்சுக்கோங்க. கனமா கீதா? என் மடியில ரெண்டு கீது பாருங்க. மூணு லேப்டாப்ப ஒருத்தியா தூக்கிகினு ஜமுனாமரத்தூர்ல ஏர்றேன், கண்டக்டரு இன்னா கேக்குறாரு? இதுக்கு லக்கேஜ் போடணுமேன்றாரு. பலாப்பழ மூட்டைக்கு கேக்கமாட்டாரு, கோழிக்கு கேக்கமாட்டாரு, லேப்டாப்ப பாத்தா மட்டும் சட்டம் ஞாபகம் வந்துடுது.

நான் கலைவாணி. மலையில வெவசாயிங்களே சேந்து ஒரு கம்பெனி வெச்சிருக்காங்க இல்ல, சாமை புளி தேனெல்லாம் விக்கிறது, அங்க கம்ப்யூட்டருக்கு நான்தான். பன்னெண்டு ஊரு, முன்னூத்துச் சொச்சம் குடும்பம். எல்லாரும் அதுல பங்கு. நான் கூடத்தான். என் வூட்டுக்காரரும்தான். ஏன், இந்த டிரைவரோட மாமியாரும்தான்.

மணி இன்னா? பத்தே முக்காலா? அய்யோ. பன்னெண்டுக்கு மூடிடுவான் மேடம். மெட்ராஸ்ல ஒரு பெரிய கம்பெனி, நம்ம சாமைய இந்த வருசம் மொத்தமா வாங்கிக்கிறேன்னுட்டான். மருந்து அடிக்காத சாமைன்னு ஒவ்வொரு குடும்பத்து வெவரமும் அவன் வெப்சைட்ல ஏத்தணும். இன்னிக்கு பன்னெண்டு மணி கடைசி. எல்லாம் தயாரா வெச்சிருக்கேன், ஒரே ஃபைலு, ஒரு தட்டு தட்டுனா ஏறிடும். ஆனா அந்தாளு ஒரு கண்டிஷன் போட்டுட்டான். உங்க ஆபீஸ்ல எத்தினி கம்ப்யூட்டர் கீதோ அத்தினியும் அப்டேட்டா இருக்கணும், ஒண்ணு பழசா இருந்தாலும் அது வழியா வைரஸு எங்கூட்டுக்கும் வந்துடும்னு. அவன் வெப்சைட்ல நம்ம மூணுக்கும் மூணு புள்ளி தெரியும். அப்டேட்டா இருந்தா பச்ச, இல்லன்னா செவப்பு. மூணும் பச்சையானாத்தான் கதவு தொறக்கும். ஆறு மாசமா மேடம், மூணும் ஒண்ணா பச்சையா நெலைச்சு நின்னதே இல்ல. ஒண்ணு பச்சையானா இன்னொண்ணு செவக்குது. வூட்ல மூணு கொழந்தைங்களுக்கு மாத்தி மாத்தி சளி புடிக்கும் இல்ல, அந்தக் கததான்.

மூணும் ஒரே மாதிரி இருந்தாலாவது ஆவும். உங்க மடியில கீறது ஜன்னல் படம் போட்டது, மானியத்துல வந்துச்சு. இது கடிச்ச ஆப்பிளு, மலை ஏற வந்த ஒரு பெங்களூரு அம்மா பாவப்பட்டுக் குடுத்துட்டுப் போனாங்க. இந்த அடியில கீறது பெங்குவினு, லினக்ஸுன்னு சொல்வாங்க, காலேஜ் பசங்க கேம்ப் போட்டப்ப ஏத்திக் குடுத்தது. மூணுக்கும் வேற வேற நாள்ல வருது, வேற வேற மாதிரி கேக்குது. ஜன்னலு நச்சரிக்கும். ஆப்பிளு மரியாதையா கேக்கும். பெங்குவினு ஒண்ணியும் கேக்காது, கறுப்பு ஸ்கிரீன்ல நாமதான் எழுதிப் போடணும், கடைசியில மட்டும் சரியா இல்லியான்னு நிக்கும். எது எப்டி கேட்டாலும் முடிவுல ஒரே பட்டன்தான் மேடம். ஏத்துக்கிறேன். அங்கதான் எங்க கம்பெனி நிக்குது.

கொஞ்சம் புடிச்சுக்கோங்க, வளைவு. ஆ… நெட்டு போய்டுச்சு. போன்ல நெட்டு ஆன் பண்ணிட்டேன், அது பாட்டுக்கு வருது போவுது. வெயிலு அடிக்கிறதுல எனக்கு இங்கேந்து ஸ்கிரீனு தெரியல. பெருசா கட்டம் போட்டு எழுத்தா கீதா? கீழ பட்டனு? ஆங், அதான். அது அப்டியே இருக்கட்டும்.

இன்னாத்துக்கு அமுக்கலன்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. நான் யாரு மேடம் ஏத்துக்க? எங்க கம்பெனியில தீர்மானம் கீது. ஏத்துக்கிறேன்னு எந்தப் பட்டன் வந்தாலும் பன்னெண்டு ஊரு தலைவருங்களும் உக்காந்து, படிச்சுக் கேட்டு, கையெழுத்துப் போட்டாத்தான் பங்குதாரரு யாரா இருந்தாலும் அமுக்கலாம். மாசத்துக்கு ஒரு கூட்டம். அந்தக் கட்டத்துல கீற எழுத்த பிரிண்ட் எடுத்தா நாப்பத்தி மூணு பக்கம். இங்கிலீஷு. நான் தமிழ்ல சொல்லணும். சொல்லிச் சொல்லி தொண்ட கட்டிகினு மூணு நாளு வெந்நிதான் குடிச்சேன்.

மொத கூட்டத்துல ஏழாவது பக்கம் தாண்டல. உங்க தகவல மூணாவது ஆளுக்குக் குடுப்போம்னு போட்டிருந்தான். முனிசாமி மாமா, அவரு மேல்பட்டுத் தலைவரு, எழுந்துட்டாரு. யாருமா அந்த மூணாவது ஆளு, எந்த ஊரு, யாரு மகன்னாரு. தெரியல மாமான்னேன். தெரியாத ஆளுக்கு எப்டிம்மா குடுக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு அந்தாள வரச்சொல்லுன்னு முடிச்சுட்டாங்க. தீர்மான நோட்டுல எழுதியே கீது. அடுத்த கூட்டத்துல ஒரு நாற்காலி காலியா வேற போட்டு வெச்சிருந்தாங்க.

ரெண்டாவது கூட்டத்துல இருவத்தி ஆறாவது பக்கம். தகராறுன்னு வந்தா வெளிநாட்டு கோர்ட்டுலதான் பேசணும்னு கீது. ஒரே சத்தம். நாங்க இன்னாத்துக்குக் கப்பல் ஏறணும், தகராறு இருந்தா சந்தை நாளுல ஜமுனாமரத்தூருக்கு வரச்சொல்லு, உக்காந்து பேசித் தீத்துக்கலாம்னு திருத்தம் போட்டு, பன்னெண்டு கையெழுத்து, சீலு, எல்லாம் குத்தி என் கையில குடுத்துட்டாங்க. அனுப்புனேன் மேடம். ரிஜிஸ்டர் தபால்ல, வெளிநாட்டுக்கு. போஸ்ட்மாஸ்டரு என்ன ஏற எறங்கப் பாத்தாரு.

ரெண்டு மாசம் பதில் வரல. பதில் வராம அமுக்கக் கூடாதுன்னுட்டாங்க. கடைசியில மாதம்மாக்காதான், அவங்களும் ஒரு ஊருக்குத் தலைவி, பொண்ணு கேட்டுப் போய் பதில் வரலன்னா சம்மதம்னுதானே வெச்சுக்கிறோம், கையெழுத்தப் போடுங்கன்னாங்க. போட்டாங்க. ஓடி வந்து தொறக்கிறேன், அதுக்குள்ள அடுத்த அப்டேட்டு வந்து குந்திகினு கீது. அது ஐம்பத்தோரு பக்கம்.

இன்னா மேடம், ஸ்கிரீனு கறுத்துப் போச்சா? பயப்படாதீங்க, பேட்டரிய மிச்சம் பண்ணுது. வளையமா சுத்துதா? அது நெட்டு தேடுது. நாம கண்டுக்காம இருந்தா தன்னால வரும்.

போன கூட்டத்துல ஆப்பிளுக்கும் பெங்குவினுக்கும் எப்டியோ கையெழுத்து வாங்கிட்டேன். ரெண்டும் பச்ச. ஜன்னலும் பச்சையாத்தான் இருந்துச்சு மேடம், நேத்து வரைக்கும். கடைசி குடும்பத்து வெவரம் நேத்து ராத்திரிதான் கைக்கு வந்துச்சு. இன்னிக்குக் காலையில ஏத்தலாம்னு உக்கார்றேன், செவப்பு. புது அப்டேட்டு, புது கட்டம். அடுத்த கூட்டம் இருவதாந்தேதி. ஊரு ஊரா ஓடி பன்னெண்டு பேர புடிக்க முடியுமா? நாலு பேரு தேன் எடுக்கப் போய்ட்டாங்க.

அப்பதான் நோட்ட எடுத்து திரும்பப் படிச்சேன். பங்குதாரரு யாரும் அமுக்கக் கூடாதுன்னுதான் கீது. வெளியாளு அமுக்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா மலையில வெளியாளுக்கு எங்க போறது? டீக்கடைக்காரரு பங்கு. ஜெராக்ஸ் கடைப் பொண்ணு பங்கு. அதான் மூணையும் தூக்கிகினு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உங்க தோள்ல ஆபீஸ் பை, கால்ல ஷூ, கையில வேலூர் டிக்கெட்டு. மலை ஆளு இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுது. அதான் பக்கத்துல வந்து உக்காந்தேன். மடியில வெச்சது கனமா கீதுன்னு இல்ல மேடம். பொய் சொல்லிட்டேன். நீங்க ஒரு தட்டு தட்டணும், அவ்ளோதான். இம்மாம் நேரமா அத்தக் கேக்கத்தான் வாய் வரல.

யாரு இப்டி ஒரு தீர்மானம் போட்டாங்கன்னு நீங்க கேக்கவே இல்ல. நான்தான் மேடம் எழுதுனேன். என் கையெழுத்துதான் நோட்டுல கீது. ரெண்டு வருசம் முன்னாடி இந்த ஜன்னலு இப்டித்தான் கேட்டுச்சு, நான் பாட்டுக்கு அமுக்கிட்டேன். சாமை எடை போட்டுகினு இருந்த நேரம். மூணு நாளு எழுந்திரிக்கல அது. வெளிய மூட்டையோட அம்பது பேரு நிக்கிறாங்க, மழ வேற. எங்க கம்பெனித் தலைவரு சின்னராஜ் அண்ணன் வந்தாரு. அவரு சத்தம் போடல. எல்லாரு எதிருலயும் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு. யார கேட்டும்மா அமுக்குனன்னாரு. வூட்டுக்குப் போய் அடுப்ப கூட பத்த வெக்கல. அடுத்த கூட்டத்துல நானே எழுதிக் குடுத்தேன், இனிமே பன்னெண்டு பேரையும் கேட்டுட்டுத்தான் அமுக்குவோம்னு. இனிமே யாரும் என்ன அந்த வார்த்த கேக்கக் கூடாது, அவ்ளோதான் எனக்கு. எல்லாரும் கை தட்டுனாங்க. இப்ப அதுல நானே மாட்டிகினு முழிக்கிறேன். இந்த வருச சாமை போச்சுன்னா மாதம்மாக்கா மூஞ்சிய நான் எப்டிப் பாக்கிறது?

எழுந்துட்டீங்களா? அமிர்திதானே இது, வேலூர் இன்னும் எவ்ளோ தூரம் கீது. இங்க கீற மிருகக்காட்சி பார்க்கு பாக்கப் போறீங்களா, இப்பவா? மேடம், ஒரே ஒரு தட்டு மேடம். பதினொண்ணே முக்கால் ஆயிடுச்சு. உங்களுக்குப் புண்ணியமா போவும்.

இன்னா?

அமுக்கிட்டீங்களா? எப்ப? மூணாவது வளைவுலயா? நான் முனிசாமி மாமா கத சொல்லிகினு இருந்தேனே, அப்பவா? அந்தக் கறுத்துப் போனது… சுத்துனது… அய்யோ இருங்க, குடுங்க இப்டி. வெயில மறைங்க. பச்ச. பச்ச. மேடம், மூணும் பச்ச. கதவு தொறந்துடுச்சு. ஏத்துறேன். ஏறுது… ஏறுது… தொண்ணூறு… கண்டக்டரே, ஒரு நிமிசம் விசிலு குடுக்காதீங்க, நெட்டு போய்டும். ஏறிடுச்சு. முன்னூத்துச் சொச்சமும் ஏறிடுச்சு. எனக்கு அழுகையா வருது.

மேடம், இருங்க, எறங்கிட்டீங்களா? திரும்பிப் பாருங்க ஒரு நிமிசம். இருவதாந்தேதி கூட்டத்துல நான் இன்னான்னு சொல்றது? நாப்பத்தி மூணு, ஐம்பத்தொண்ணு, எத்தினி பக்கம் தொண்ட கிழியப் படிச்சிருக்கேன். நீங்க பாட்டுக்கு என் மடியிலேந்து வாங்கி, ஒரு வார்த்த சொல்லாம… மேடம், யார கேட்டு அமுக்குனீங்க?