புதன்கிழமை, ராகு காலம் கழிந்து

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது என்று போலீஸ் அதிகாரி தாளைக் கொடுத்துவிட்டார். பர்மிய மொழி எனக்குச் சரளம்தான். ஆனால் யோசித்து எழுத வேண்டியது தமிழில்தான் வரும். பழனியப்பன் அண்ணே, மொழிபெயர்க்க உங்களைத்தான் கூப்பிடப் போகிறார்களாம். கோயில் கமிட்டியில் பத்து வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறோம். எதையும் கூட்டிக் குறைத்துவிடாதீர்கள்.

அம்சவேணி நாவல் எழுதிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். ரங்கூன் பசுந்தாங் பகுதியில் அக்கா பவானியோடு இருந்தாள். பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதித் தருவாள். பாதி பர்மிய வார்த்தையாக இருக்கும். அலோன் பகுதியில் சரக்குக் கிட்டங்கியில் என் வேலை முடிந்ததும் நான் அதைத் திருத்தி, கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பேன். "கோ உதயா, நீங்க இல்லாட்டி இது புத்தகமே இல்ல" என்பாள். பர்மிய முறையில் மரியாதையாகக் 'கோ' போட்டுத்தான் கூப்பிடுவாள். நான் அதை அப்படியே நம்பினேன். அவளை நேசித்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கதை தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ரங்கூனில் நடக்கிறது. கமலாட்சி என்ற துறைமுகத் தமிழ்ப் பெண் ஒரு ஸோஜியைக் காதலிக்கிறாள். ஸோஜி என்றால் ரசவாதம் செய்கிற பர்மிய மந்திரவாதி. அவன் சாகாவரம் பெற ஏழு நாள் மண்ணுக்கடியில் கிடக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவர் மேலே காவல் இருக்க வேண்டும், உள்ளிருந்து என்ன சத்தம் வந்தாலும் திறக்கக் கூடாது. கமலாட்சி காவல் இருக்கிறாள். ஏழாம் நாள் ஊரார் வந்து பார்த்தால் குழி காலி, அவளையும் காணோம். என்ன நடந்தது என்பதுதான் மர்மம்.

கமலாட்சி மூன்றாம் நாளே மனசு கேட்காமல் திறந்து, அவனைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள் என்று வேணி முடித்திருந்தாள். முந்நூறு பக்கம் அடித்த எனக்கு எரிச்சல் வந்தது. கமலாட்சி கடைசிவரை பொறுத்திருந்தாள், அவன் சாகாதவனாக எழுந்து வந்தான் என்று மாற்றச் சொன்னேன். வேணி சிரித்தாள்.

"உள்ளாற கெடந்து தட்டுறான், ஆசை வச்சவ எப்புடி கோ உதயா சும்மா உக்காந்திருப்பா? படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க."

முடியும் என்றேன். முடியாது என்றாள். அதற்குமேல் வாதம் செய்வது என் வழக்கமில்லை.

கிட்டங்கி முற்றத்தில் வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று தரைக்கடியில் இருக்கிறது. காய்ந்து பல வருஷமாகிறது. குழியை வர்ணிக்க அதில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அவளாகத்தான் கேட்டாள். புதன்கிழமை நம் ஆட்களுக்கு நல்ல நாள், வரச் சொன்னேன். அந்த வாரம் சரக்கு வரவில்லை, கிட்டங்கியில் என்னைத் தவிர ஆளில்லை. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம் என்பதால், அது கழியட்டும் என்று மோஹிங்கா மீன் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். இரண்டு மணிக்கு இறங்கினாள். ஏணியை மேலே இழுத்துக்கொண்டு இரும்பு மூடியைப் போட்டேன். அது வர்ணனைக்காக என்று நினைத்து முதலில் சிரித்தாள். ஸோஜிக்குத் தண்ணீர் கிடையாது. நான் உள்ளே இரண்டு பாட்டில் வைத்திருந்தேன்.

ஒரு பிழை செய்தேன், மறைக்கவில்லை. பர்மியர்களுக்குப் புதன் என்பது இரண்டு நாள். மதியத்துக்கு மேல் முழுவதும் ராகுவின் நாள். பகோடாவில் பிறந்த கிழமைப்படி புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டுக்கும் தனித்தனி இடம் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஒன்றரை மணி நேர ராகுவைத் தவிர்க்கப் போய் முழு ராகுவில் ஆரம்பித்துவிட்டேன். ஸோஜி விஷயத்தில் அவர்கள் முறையைத்தான் பார்த்திருக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில்தான் இது உறைத்தது. திறந்து, வேறு நாளில் முதலிலிருந்து தொடங்கலாமா என்றுகூட யோசித்தேன். நடுவில் திறக்கக் கூடாதே.

முதல் நாள் திட்டினாள். இரண்டாம் நாள் அழுதாள், பிறகு எதையோ வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது அண்ணே. ஆனாலும் மூடிக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பவானி தங்கையைத் தேடி வந்தாள். மூடிக்குப் பத்தடி தள்ளி நின்று பேசினாள். கரண்ட் இல்லாததால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் காதில் எதுவும் விழவில்லை. தேநீர் கொடுத்து, நானும் விசாரிக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவள் போன பிறகு ஜெனரேட்டரை நிறுத்தினேன். வேணியின் குரல் கம்மியிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே எழுதிக்கிறேன் கோ உதயா. கமலாட்சி தொறக்கவே வேணாம். என்னைய மட்டும் தொறந்து விடுங்க."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் கடைசி அத்தியாயத்தை அடித்து முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

சனிக்கிழமை தட்டுவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை குளிக்க வீட்டுக்குப் போனேன், சுவருக்குள்ளிருந்து அதே சத்தம் வந்தது. பக்கத்து வீட்டு ஹஸ்ஸானைக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒன்றுமில்லை என்றார். அவள் சாகாதவளாகி வெளியே வந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. பவானி புகார் கொடுத்து, திங்கட்கிழமை போலீஸ் வந்து திறந்து, உள்ளே பிணம் கிடக்கிறது என்றார்கள். ஆறாம் நாளில் திறந்தால் அப்படித்தான் இருக்கும் என்றேன். இப்போது எழுதுகிற இந்த மேஜைக்கு அடியிலும் தட்டுகிறாள். குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

அதிகாரி ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வெள்ளிக்கிழமைதான் அவள் ஒத்துக்கொண்டாளே, உயிரோடுதானே இருந்தாள், அப்போது ஏன் திறக்கவில்லை என்று. ஏழு நாள் விதி என்று சொல்லிவைத்தேன். அது பொய். அவள் வெளியே வந்தால் முடிவை மறுபடியும் மாற்றி எழுதிவிடுவாள் என்று பயந்தேன்.