கனடா விழிக்கும் நேரம்

காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது, இரவு எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள் என்பதைத்தான். கடைக்காரர் காசு லாச்சியை இழுத்துப் பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். இதை ஒரு கெட்ட பழக்கமாக நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், சேர்.

இணுவிலில் என் வீட்டு முன்னறையில் இருந்து ஏழு வருடமாக ஓர் இணையச் செய்தித் தளத்தை நடத்துகிறேன். ஊர்ச் செய்தி, கோயில் திருவிழா, மரண அறிவித்தல். வாசிப்பது இலவசம். பக்கத்தில் வரும் விளம்பரத்தை யாராவது அழுத்தினால் எனக்குக் காசு வரும். இங்கே ஒருவர் அழுத்தினால் ஒரு பிளேன்டீக்கும் காணாது. ரொறன்ரோவில் ஒருவர் அழுத்தினால் மத்தியானச் சாப்பாடே வந்துவிடும். இந்த ஏற்றத்தாழ்வை நான் உண்டாக்கவில்லை.

போன வருடக் கடைசியில் அந்த வருமானம் மளமளவென்று இறங்கியது. சனம் முகநூலில் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுப் போகத் தொடங்கிவிட்டது. எனக்கு எரிச்சல்தான். நான் வெயிலில் அலைந்து எழுதியதைப் பத்து நிமிடத்தில் நாலு தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டுவிடும். மரண அறிவித்தல் மட்டும் அசையவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் யாருக்கு யார் மருமகன், எந்தக் குறிச்சி என்று கடைசி வரி வரைக்கும் வாசிப்பார்கள். பிறகு எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று சடங்கு அறிவித்தல்கள், நன்றி நவிலல், ஆண்டு நினைவு. ஒரு மரணம் ஒரு வருடத்துக்கு உழைக்கும்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை பொன்னம்பலம் ஐயா காணாமல் போனார். எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. எழுபத்தொன்பது வயது, மறதி வியாதி. மனைவி குணலட்சுமி அக்கா தேங்காய் துருவி முடிப்பதற்குள் படலையைத் திறந்துகொண்டு நடந்துவிட்டார். மகன் கேதீஸ்வரன் ரொறன்ரோவிலிருந்து எனக்குத்தான் தொலைபேசி எடுத்தான்.

"செந்தூரன் அண்ணை, அப்பாவின்ரை படத்தைப் போடுங்கோ. ஆனா அம்மாவின்ரை நம்பரைப் போடாதேங்கோ. கண்டனாங்கள் எண்டு பொய் சொல்லிக் காசு கேப்பாங்கள். உங்கடை நம்பரையே போடுங்கோ."

அவன் சொன்னது நியாயம். இங்கே அப்படி நடக்கிறதுதான். ஆகவே ஐயாவைக் கண்டவர்கள் பேச இருந்த ஒரே ஆள் நான். இதை நானாகக் கேட்டு வாங்கவில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு, அதாவது கனடா எழும்பித் தொலைபேசியைக் கையில் எடுக்கும் நேரம், தளத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. மாதக்கணக்காக நான் காணாத ஏற்றம். பகிர்ந்தார்கள், அழுதார்கள், விளம்பரத்தையும் அழுத்தினார்கள். மனது நிறைந்துபோனது, அதை மறைக்கவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்கு லூர்த்தம்மா என்ற ஒரு பெண் எடுத்தார். சுன்னாகம் சந்தையில் மீன் விற்கிறவர்.

"தம்பி, நீங்கள் படம் போட்ட ஐயா இஞ்சை இருக்கிறார். தண்டவாளத்துக்கு அங்காலை பழைய வெங்காயக் கொட்டிலுக்கை. கால் வீங்கிப்போய்க் கிடக்கு, எழும்ப ஏலாதாம். ஒரு சோடா வாங்கிக் குடுத்தனான். கெதியா வாங்கோ."

முப்பது வருடமாக ஐயா தன் வெங்காயத்தைக் கொண்டுபோய் வைத்த கொட்டில் அது. எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்.

"ஓம் அம்மா, வாறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, பொலிசு உங்களைத்தான் விசாரணை எண்டு அலைக்கழிக்கும்" என்றேன்.

போகத்தான் இருந்தேன். ஆனால் கனடாவில் அப்போது நடுச்சாமம். அந்த நேரத்தில் 'கிடைத்துவிட்டார்' என்று போட்டால் யார் பார்ப்பது? அவர்கள் எழும்புமுன் மற்றத் தளங்கள் திருடிவிடும். நாலு மணி வரைக்கும் பொறுப்போம் என்று நினைத்தேன். நாலு மணிக்கு எண்ணிக்கை முந்திய நாளைவிட இரண்டு மடங்கு. ஓடுகிற வண்டியை யாராவது நிறுத்துவார்களா? ஐந்து மணிக்கு லூர்த்தம்மா திரும்ப எடுத்தார்.

"தம்பி, நான் பஸ்ஸுக்கு வந்திட்டன். ஐயாவைக் கூட்டிக்கொண்டு போட்டியளோ?"

"ஓம் அம்மா, கூட்டிக்கொண்டு வந்திட்டம். வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் படுத்திருக்கிறார்."

"மாதாவே, நல்லது" என்றார். அவர் சந்தோஷப்பட்டது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் அவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பார்க்க அவருக்குக் காரணம் இல்லையே.

புதன்கிழமை காலை குணலட்சுமி அக்கா என் வாசலில் வந்து நின்றார். இரண்டு நாளாக அவர் சாப்பிடவில்லை.

"தம்பி, ஆரும் எடுத்தவையோ?"

"இல்லை அக்கா. எடுத்தால் உங்களுக்குச் சொல்லாமல் விடுவனோ?"

பின்னேரம் நான் கொட்டிலுக்குப் போனேன். நாலே காலுக்கு உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தேன். போனபோது ஐயா இறந்து கிடந்தார் என்று அன்று வாக்குமூலம் கொடுத்தேன். இறுதிச் சடங்கில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி எங்களுக்கு உடம்பும் கிடைச்சிராது" என்றார். அறிவித்தலை நான் இலவசமாகவே போட்டேன். அதில் படத்தைக் கண்ட லூர்த்தம்மா, எனக்கு எடுத்த அழைப்புகள் பதிவான தன் தொலைபேசியோடு உங்களிடம் வந்ததும் எனக்குத் தெரியும். அவரில் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அந்த முதல் வாக்குமூலத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டும், சேர். செய்தி எழுதுகிறவன் பிழையை விட்டுவைக்கக் கூடாது.

நான் போனபோது மணி மூன்று இருபது. ஐயா உயிரோடு இருந்தார். வெங்காயச் சருகுக்கு மேல் சரிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. என் நிழல் விழுந்ததும் கண்ணைத் திறந்தார்.

"கேதீசோ?" என்றார்.

"ஓம் அப்பா."

"தண்ணி தா, மோனை."

மோட்டார் சைக்கிளில் ஒரு முழுப் போத்தல் இருந்தது. கிடைத்துவிட்டார் என்றால் ஒரு நாள் செய்தி. மற்றது ஒரு வருடம். "கொஞ்சம் பொறுங்கோ அப்பா" என்றேன். அவர் தலையாட்டினார். அவருடைய கையைப் பிடித்தபடி நாலு மணி வரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். கடைசி நேரத்தில் பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்கிறான் என்ற நிம்மதியோடுதான் அவர் போனார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.