வெள்ளைக்காரி மெச்சிய பேச்சு

— அந்த நெளிவு சுளிவெல்லாம் வேணாம் ஸ்தனிஸ்லாசு. 'என் பொண்டாட்டி சாவுறா, ஜீப்புல ஏத்து.' இதத்தான் நீ இங்கிலீசுல சொல்லணும்.

— அப்படிச் சொன்னா டாக்டரம்மா மொகஞ்சுளிப்பாங்க யாகப்பன் மாமா. வார்த்த இங்கிலீசா இருக்கும், பேச்சு நம்ம பேச்சா இருக்கும். ஏற்காட்டுல தொர பங்களாவுல சமையக்காரனா இருந்தவன் நானு. வெள்ளக்காரங்ககிட்ட அவங்க பேசற மாதிரியே பேசுனாத்தான் காது குடுப்பாங்க.

— எம் பொண்டாட்டி ராயம்மா விடியறவரைக்கும் ரத்தமா வாந்தி எடுத்தா. இத உங்க தொர எப்படிப் பேசுவான்?

— எங்க தொர குதிரையிலேர்ந்து வுழுந்து, கால் எலும்பு வெளிய நீட்டிக்கிட்டுக் கெடந்தாரு. தொரசானி கேட்டதுக்கு, 'அவ்வளவு மோசமில்ல'ன்னாரு.

— பைத்தியக்காரன்.

— அது அவங்க மரியாதைங்க.

— எனக்கு உம்மேல நம்பிக்கையே இல்லடா. இங்கிலீசு தெரிஞ்ச நர்சம்மா இன்னிக்கின்னு பாத்து லீவு. வேற நாதியில்லாம உன்னக் கூட்டியாந்தேன். ஜீப்புல ஒருத்தருக்குத்தான் எடம். ராத்திரி யாருக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுத்தான் டாக்டரம்மா பெரியாஸ்பத்திரிக்கு ஏத்துவாளாம். ரத்தத்தச் சொல்லிப்புடு.

— சொல்றேங்க. இங்கியே நில்லுங்க, வார்டுக்குள்ள போயிட்டு வந்துடறேன்.

— சீக்கிரம் வா.

— மாமா. பேசிட்டேன் மாமா.

— என்ன சொன்னா?

— சிரிச்சாங்க. எங்க ஊர்ல பொறந்தவனாட்டமே பேசறியேன்னு கையப் புடிச்சிக் குலுக்குனாங்க. அத்தன பேர்ல எனக்கு மட்டும்.

— ராயம்மாளுக்கு என்ன சொன்னா?

— எப்படி இருந்தாங்கன்னு கேட்டாங்க. கொஞ்சம் சிரமப்பட்டாங்க, தொந்தரவு குடுக்கறதுக்கு மன்னிக்கணும்னேன்.

— ரத்தம்?

— முக்கியமானத அவங்க கடைசியாத்தாங்க சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் வச்சிருந்தேன். அதுக்குள்ள அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

— அப்ப இவள?

— கஞ்சி குடுத்து வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லிட்டாங்க.

— ஜீப்பு கெளம்புது பாரு. ஓடு. இப்பவாச்சும் ரத்தம்னு கத்து.

— டாக்டரம்மாவும் அதுலதாங்க போறாங்க... கேட்டத் தாண்டிருச்சு மாமா.

— படுத்திருக்கறது யாரு அதுல?

— சித்தேரி மாதுவோட சம்சாரம்.

— அவனுக்கு எவன் இங்கிலீசு பேசுனான்?

— யாரும் பேசலீங்க. அவனே தரையில பொரண்டு தமிழ்ல கத்துனான்.