காய்ந்துவிட்டது என்று சொன்னேன்

நான் ஊற்றிய தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும், ஐயா. முப்பது வருஷத்தில் மேடு பள்ளம் என்று ஒருவர்கூட என்னைத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

மரப்பலகை ஒட்டுவதற்கு முன் அடியில் ஒரு கலவையை ஊற்றிச் சமன்படுத்துவோம். பொல்லாத சாமான் அது. மேலே காய்ந்த மாதிரி பாசாங்கு செய்யும், உள்ளே தண்ணீர் இருக்கும். அதனால் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்ப்போம். அடியில் வேர்த்திருந்தால் பலகை போடக் கூடாது.

அக்கா வீட்டுப் படுக்கையறைக்கு நான்தான் ஊற்றினேன். வேலை முடியும்வரை அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தவள். எனக்கு ஐம்பது வயதான பிறகும் பொடியன் என்றுதான் கூப்பிடுவாள், என் ஆட்கள் முன்னால்கூட. அவளுக்கு ஆஸ்துமா. எங்களுடையது இரண்டு அறை வீடு. என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஆறு வாரம். மழையும் விட்டபாடில்லை, தரையும் காய்ந்தபாடில்லை.

பலகை போடுகிறவர் வருவதற்கு முன் தாளைப் பிரித்தேன். முத்து முத்தாகத் தண்ணீர். கைக்குட்டையால் துடைத்து, அந்த ஒரு சதுரத்தை மட்டும் சூட்டுக்காற்று அடித்து உலர்த்தி, மறுபடி ஒட்டினேன். அவர் வந்து பிரித்துப் பார்த்தார்.

"உங்க வேலைன்னா சொல்லணுமா" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"டேய் பொடியா, கதவு தரையில உரசுதுடா. உள்ளேருந்து இழுத்தா வர மாட்டேங்குது."

"மழைக்குக் கதவு ஊதியிருக்கும்க்கா. பலமா இழு."

"என்னை என்ன பயில்வான்னு நெனச்சியா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

ஊதியது கதவல்ல, பலகை. அது எனக்குத் தெரியும். சொன்னால் தரையைப் பெயர்க்க வேண்டும், அவள் மறுபடி எங்கள் வீட்டுக்கு வருவாள்.

சத்தம் போடாமல் கதவைக் கழற்றி அடியை இழைத்துவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை காலை இழைப்புளியோடு போனேன். வெளிவாசல் சாவி என்னிடம் இருந்தது. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

"பொடியா... மருந்து ஹால்ல இருக்குடா. கதவு வரல."

மருந்து மேஜைமேல்தான் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். தோளால் இரண்டு இடி இடித்தால் போதும். ஆனால் பலகை பிளந்து, அடியிலிருக்கும் ஈரம் ஊருக்கே தெரிந்துவிடும். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவள் என் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்படி அவள் கூப்பிட்டதே இல்லை. பிறகு கதவை நகத்தால் சுரண்டினாள். பிறகு அதுவும் இல்லை.

கால் மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். நான் அழுதுகொண்டிருந்தேன், கடிகாரம் பார்க்கவில்லை. இப்போதும் அவளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. கதவை இடித்திருந்தால் தரை பாழாகியிருக்கும். அந்தத் தரை என்றால் அக்காவுக்கு உயிர்.