பதினோராம் வண்டியின் முதல் பெயர்

சாட்சியின் பெயர்: செ. ஜெர்லின். தந்தை: செபஸ்தியான். வயது: 26. படிப்பு: பி.எஸ்சி. கணினி அறிவியல். தொழில்: தனியார் நிறுவனத்தில் கணினி நிரலாளர். இருப்பிடம்: கதவு எண் 4/17, கிணற்றுச் சந்து, சங்ககிரி சாலை, திருச்செங்கோடு. வாக்குமூலம் பதிவான நாள்: 27.02.2025, முற்பகல் 11.20 மணி, குற்றவியல் நடுவர் முன்னிலையில்.

வழக்கில் தொடர்புடைய எவருக்கேனும் உறவினரா என்று கேட்கப்பட்டது. ஆம். வின்சென்ட் என்பவர் என் தந்தையின் உடன்பிறந்த தம்பி, எனக்குச் சித்தப்பா. கைது செய்யப்பட்டுள்ள அல்தாப் எனக்கு உறவினர் அல்ல. அவருடன் நான் மொத்தம் நான்கைந்து முறை பேசியிருப்பேன்.

நான் மேற்கண்ட முகவரியில் என் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். 2023 ஜூன் மாதம் முதல் திருச்செங்கோட்டில் உள்ள அத்தாயி போர்வெல்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்து வருகிறேன். அதன் உரிமையாளர் நாச்சிமுத்து. நிறுவனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் பதினான்கு உள்ளன. சித்தப்பா அங்கே பதினெட்டு ஆண்டுகளாக டிரில்லராக இருக்கிறார். அவர் சொல்லித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

நான் சேர்ந்தபோது எந்த வண்டியில் யார் போகிறார்கள் என்பதை உரிமையாளர் தினமும் காலையில் சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகையில் எழுதுவார். வண்டி எண்ணுக்கு எதிரே பெயர்கள் மட்டும் இருக்கும். யார் என்ன வேலை என்று எழுதமாட்டார். முதலில் எழுதப்படும் பெயர் டிரில்லருடையது. அந்த வண்டிக்கும் வேலைக்கும் பொறுப்பு அவர்தான். வண்டி புறப்படும்போது உரிமையாளர் சாவியை அவர் கையில் கொடுப்பார். வேலை முடிந்து திரும்பும் வரை சாவி அவரிடமே இருக்கும், ஓட்டுநர் கேட்டு வாங்கித்தான் வண்டியை எடுப்பார். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு வாரம் பார்த்ததில் நானே தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு நிறுவனத்துக்கு ஓர் இணையதளம் உருவாக்கினேன். அதை பி.எச்.பி. என்னும் மொழியில் எழுதினேன். உரிமையாளர் பலகையைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். அதில் உள்ளபடியே பெயர்களைக் காற்புள்ளி வைத்து ஒரே வரியாகத் தட்டச்சு செய்வேன். நிரல் அந்த வரியைக் காற்புள்ளி உள்ள இடங்களில் வெட்டிப் பட்டியல் ஆக்கும். பட்டியல் என்பது வரிசையாக வைத்த டப்பாக்களைப் போன்றது. ஒவ்வொரு டப்பாவுக்கும் எண் உண்டு, எண் பூச்சியத்தில் தொடங்கும். பூச்சியம் எண்ணுள்ள டப்பாவில் இருக்கும் பெயரை எடுத்து, வெற்றிடம் விட்டு நான் எழுதி வைத்திருந்த ஒரு வாக்கியத்தில், 'பொறுப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிரல் நிரப்பும். மற்ற பெயர்களைக் கோத்து 'உடன் பணிபுரிவோர்' என்பதற்குப் பக்கத்தில் வைக்கும். வண்டி எண்ணை இரண்டு இலக்கமாக்கும், மூன்றாம் வண்டி என்றால் 03 என்று வரும். இப்படித்தான் வேலைச் சீட்டு அச்சாகிறது. ஒரு படி நிலத்துக்காரரிடமும், ஒவ்வொரு படி வண்டியில் போகிறவர்களிடமும் கொடுக்கப்படும்.

நடுவர் அவர்கள், முதல் பெயர் எப்போதும் பொறுப்பாளர்தான் என்று கணினிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் நான் அதை நிரலில் எங்கும் எழுதி வைக்கவில்லை.

அதன் பிறகு 06.11.2024 அன்று அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் யாழினி என்னிடம் வந்து, யாராவது வீட்டிலிருந்து கூப்பிட்டு ஆள் எங்கே என்று கேட்டால் எழுபது பெயரில் தேட வேண்டியிருக்கிறது, பெயர்களை அகர வரிசையில் காட்டினால் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டார். நான் பெயர்களை வரிசைப்படுத்தும் ஒரு வரியை நிரலில் சேர்த்தேன். அதைத் தேடும் பக்கத்துக்கு மட்டும் சேர்த்திருக்க வேண்டும். பட்டியலை வெட்டிய உடனேயே சேர்த்துவிட்டேன், ஆகவே சீட்டு அச்சிடும் இடத்துக்கும் வரிசை மாறிய பட்டியலே போய்ச் சேர்ந்தது. சரிபார்ப்பதற்கு மூன்றாம் வண்டியின் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதன் டிரில்லர் பெயர் அய்யாவு. அகர வரிசையிலும் அவரே முதலில் வந்தார். சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு ஜனவரி மாதம் ஆறாம் வண்டியின் சமையல்காரர் அறிவு என்பவர் நிறுவனத்தின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். அதில் அவர், "ஏனுங்க ஜெர்லினம்மா, சீட்டுல என்னையப் பொறுப்புன்னு போட்டிருக்கீங்க. இனி நாந்தான் டிரில்லருங்க, சோத்த அவுங்களே ஆக்கிக்கட்டும்" என்று சொன்னார். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டேன். பலகையைப் பார்த்துத் தட்டச்சு செய்கையில் ஏதோ மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று நிரலைத் திறந்து பார்த்திருந்தால் இன்று நான் இங்கே நிற்க வேண்டியிருக்காது. இதை நானே முன்வந்து சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு 18.02.2025 காலை நாமகிரிப்பேட்டை அருகே குமாரசாமி என்பவரின் மஞ்சள் காட்டில் பதினோராம் வண்டி வேலைக்குப் போயிருந்தது. வண்டியின் மேலுள்ள மாஸ்ட் எனப்படும் இரும்புக் கோபுரத்தைத் தூக்கியபோது அது மேலே சென்ற மின்கம்பியில் பட்டு, வண்டியைத் தொட்டு நின்றிருந்த குமாரசாமிக்கு மின்சாரம் பாய்ந்தது. அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சம்பவ இடத்தில் இல்லை. மாஸ்டைத் தூக்கியது யார், தூக்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் அல்தாப் கைது செய்யப்பட்டார். குமாரசாமியின் வீட்டார் கொடுத்த வேலைச் சீட்டில் பொறுப்பு என்ற இடத்தில் அவர் பெயர் இருந்ததே காரணம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அல்தாப் குழாய் ஏற்றும் துணை லாரியின் ஓட்டுநர். தான் டிரில்லர் அல்ல என்று அவர் சொன்னதாகவும், காகிதத்தில் அப்படி இல்லையே என்று பதில் வந்ததாகவும் தெரிந்தது. அந்த வண்டியில் இருந்த டோனி, நசுருல்லா இருவரையும் உரிமையாளர் அன்று மாலையே கர்நாடகத்தில் இருந்த வேறு வண்டிக்கு அனுப்பிவிட்டார். சித்தப்பா வீட்டில் இருந்தார்.

அதன் பிறகு 24.02.2025 திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் அல்தாப்பின் மனைவி மெஹ்ரீன் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. பழைய வேலைச் சீட்டுகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். சீட்டின் வெறும் பின்பக்கத்தில் மகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்காக அவற்றைச் சேர்த்து வைத்திருந்ததாகச் சொன்னார். சீட்டுகளை என் மேசையில் தேதி வாரியாகப் பரப்பிவிட்டு, "இந்தச் சீட்டு வந்த நாள்லருந்து எங்கூட்டுக்காரரு பேரு கடைசியிலதானுங்க வரும். தீவாளிக்கு அப்பறம் மட்டும் எப்படிங்க மொதல்ல ஏறுச்சு?" என்று கேட்டார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு நிரலைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. கணினியில் தவறு என்று அவரிடம் சொல்லவில்லை. நான் செய்த தவறு என்று சொன்னேன். அவர் சீட்டுகளை மறுபடியும் தேதி வாரியாக அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு உரிமையாளர் அறைக்குப் போய் விவரம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காபி வரவழைத்தார். வின்சென்டைப் போல ஒரு டிரில்லர் தனக்குக் கிடைக்கமாட்டார் என்றும், அல்தாப்புக்கு நல்ல வக்கீல் வைத்துத் தானே வெளியே எடுத்துவிடுவதாகவும் சொன்னார். பிறகு, "கம்ப்யூட்டர்ல வந்தது வந்தபடியே இருக்கட்டும் சாமி. உனக்கும் அவன் சித்தப்பன்தானே" என்றார். கம்ப்யூட்டரில் தானாக எதுவும் வராது, நான் எழுதியதுதான் வரும் என்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காபி குடிக்கவில்லை.

அதன் பிறகு நவம்பர் 6 முதல் பிப்ரவரி 18 வரை அச்சான எல்லாச் சீட்டுகளையும் எடுத்துச் சரிபார்த்தேன். மொத்தம் 412. அத்தனையிலும் பொறுப்பு என்ற இடத்தில் இருப்பவர் அந்த வண்டியில் அகர வரிசைப்படி முதலில் வருபவரே. அவற்றில் 37 சீட்டுகளில் மட்டும் அவர் உண்மையிலேயே டிரில்லர். அந்த 37-ம் மூன்றாம் வண்டியின் சீட்டுகள். வரிசை மாற்றம் அச்சிடும்போது மட்டுமே நடக்கிறது, சேமித்து வைத்த வரி மாறுவதில்லை. பிப்ரவரி 18 அன்று பதினோராம் வண்டிக்கு நான் தட்டச்சு செய்த வரி: வின்சென்ட், டோனி, நசுருல்லா, அல்தாப். அச்சான வரிசை: அல்தாப், டோனி, நசுருல்லா, வின்சென்ட். அன்று காலை 6.40-க்கு உரிமையாளர் அனுப்பிய பலகைப் படம் என் கைப்பேசியில் உள்ளது. அதிலும் முதல் பெயர் வின்சென்ட்.

நடுவர் அவர்கள் முன்னிலையில் என் மடிக்கணினியில் அந்த ஒரு வரியை நீக்கிச் சீட்டை அச்சிட்டேன், மறுபடியும் சேர்த்து அச்சிட்டேன். முதல் தாளில் பொறுப்பு வின்சென்ட் என்றும், இரண்டாம் தாளில் பொறுப்பு அல்தாப் என்றும் வந்தன. இரண்டு தாள்களிலும் கையொப்பமிட்டுள்ளேன்.

இதை முன்கூட்டி வின்சென்டிடம் தெரிவித்தீர்களா என்று கேட்கப்பட்டது. தெரிவித்தேன். 25.02.2025 மாலை ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "அத மாத்த முடியாதா பாப்பா?" என்று கேட்டார். முடியும் சித்தப்பா, ஒரு வரிதான், ஆனால் நான் ஏற்கெனவே பிரதி எடுத்து வைத்துவிட்டேன் என்றேன். "ஒரு வரிதானா" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சம்பவத்தன்று என்ன நடந்தது என்று நான் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உங்களுக்குள் முன்விரோதம் ஏதேனும் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை. எனக்குப் படிக்கப் பிடிக்கும் என்பதால், வெளிமாநில வேலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் எனக்குப் புத்தகம் வாங்கி வருவார். அவருக்கு அந்த ஊர் எழுத்து தெரியாது, அட்டையைப் பார்த்து வாங்குவார். கன்னடத்தில் ஏழும் மராத்தியில் நான்கும் என் அலமாரியில் உள்ளன. அவற்றில் ஒன்றையும் எனக்குப் படிக்கத் தெரியாது. முன்விரோதம் எதுவும் இல்லை.

அதன் பிறகு, அன்று மாலை நான் அவர் வீட்டிலிருந்து புறப்பட்டபோது அவர் உள்ளே போய்ப் பதினோராம் வண்டியின் சாவியை எடுத்து வந்தார். காவல் துறையினர் வண்டியைக் கைப்பற்றியபோது அலுவலகத்தில் இருந்த மாற்றுச் சாவியை வாங்கிக்கொண்டதால் இது அவரிடமே இருந்திருக்கிறது. அதை என் கையில் வைத்து, "மொதப் பேருக்காரன் கையிலதான் இருக்கோணும், இருந்துச்சு. அங்க கேப்பாங்க, நீயே கொண்டுபோய்க் குடுத்துரு" என்றார். சித்தி உள்ளே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன்.

நான் நீதிமன்றத்தில் ஒப்படைப்பவை இரண்டு: பித்தளை வளையத்தில் 11 என்று பொறித்த வண்டிச் சாவி ஒன்று; நிரலும் சீட்டுகளும் பலகைப் படமும் அடங்கிய பென்டிரைவ் ஒன்று. எதை முதலில் எழுதட்டும் என்று எழுத்தர் கேட்டார். சாவியை முதலில் எழுதச் சொன்னேன்.

இதில் உள்ளவை நான் சொல்லியபடியே எழுதப்பட்டுள்ளன. படித்துக் காட்டக் கேட்டேன், பிறகு நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை.

(ஒப்பம்) செ. ஜெர்லின்
27.02.2025